வியாதி ஒருவருக்கு, உலை எல்லாருக்கும்: புற்றுநோய் வந்துபோன வீட்டில் சாப்பாடும் எடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்க்காரி நான். உணவியல் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வதுதான் வேலை. எங்கள் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சிகிச்சை முடிந்து, சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உரியவை இவை. சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்கள் மூன்றாவது கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டேன். பார்க்கிறவர்கள் "நல்லா தேறிட்டே" என்கிறார்கள். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா?

நோய் என்றால் இளைப்பது, தேறுவது என்றால் சதை போடுவது. காசநோய் வீட்டுக்கு வீடு இருந்த காலத்துக் கணக்கு இது. அன்றைக்குச் சரியாகவும் இருந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களில் பலருக்கு எடை ஏறத்தான் செய்கிறது. வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு; அது பசியைக் கிளறிவிடும். நாற்பது வயதுக்காரிக்கும் மாதவிலக்கு திடீரென்று நின்றுபோகலாம். சோர்வில் படுத்தே கிடப்பதால் தசை கரைகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அப்புறம் சொந்தக்காரர்கள். பெரியம்மாவைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த சத்துப் பவுடர் டப்பாக்களை ஒரு நாள் எண்ணினேன். பதினொன்று. அன்புதான், என்ன செய்வது.

மாதவிலக்கு நின்றபின் பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உண்டாகிறது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலான வகைகள் அந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. இன்சுலின் கூடுவது, உடம்புக்குள் ஓயாத லேசான அழற்சி ஆகியவையும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அதிகக் கொழுப்போடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று பட்டியலிட்டது. பெருங்குடல், கருப்பை, கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், மாதவிலக்கு நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு.

அதனால் ஏறிய எட்டு கிலோவைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால், "எடையைக் குறைத்தால் நோய் திரும்பவே வராது" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். அப்படி யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, மூச்சு வாங்குவது குறையும் என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். சிகிச்சை முடிந்து பல வருடம் வாழ்கிறவர்களைச் சாய்ப்பது பல நேரம் மாரடைப்புதான். அதற்கும் இது உதவும்.

எவ்வளவு எடை இருந்தால் சரி?

நம் நாட்டுக்காரர்களுக்கு அளவுகோல் கொஞ்சம் கறார். எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோ வரை சரி, 60-ஐத் தாண்டினால் உடல்பருமன்.

எனக்கு இதைவிடத் தையல்காரரின் இஞ்சு டேப் மேல்தான் நம்பிக்கை. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருப்பது நம் பக்கத்து உடல்வாகு. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. அதற்கு மேல் என்றால் தராசு என்ன சொன்னாலும் கொழுப்பு உள்ளே குறுக்கே படுத்திருக்கிறது என்று அர்த்தம். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது பெரியப்பா மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

அப்பாவுக்கு இப்போதுதான் கீமோ நடக்கிறது. சாப்பாடே இறங்கவில்லை, இளைத்துக்கொண்டே போகிறார். அவரும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். அவருக்குக் கணக்கு நேரெதிர். ஆறு மாதத்துக்குள் வேண்டாமலே உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57-க்குக் கீழே வந்தால், அதுவே எச்சரிக்கை மணி. டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கட்டத்தில் அவரால் எது முடிகிறதோ அதுதான் நல்ல உணவு. குழைந்த தயிர்சாதம், நெய் விட்ட பருப்புச் சாதம், நன்றாக வேகவைத்த முட்டை, உளுந்தங்கஞ்சி. மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் புளியும் காரமும் வேண்டாம். சூடாக இறங்காதது ஆறியபின் இறங்கும், வாசனைதான் குமட்டுகிறது.

பழையதைப் பற்றியும் கேட்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இரவெல்லாம் வெளியே இருந்த சோறு, பச்சைக் காய், கடையில் நறுக்கி வைத்த பழம், கொதிக்கவைக்காத தண்ணீர் எதுவும் வேண்டாம். சிகிச்சை முடிந்து ரத்த அளவு சரியானபின் பழையதும் சின்ன வெங்காயமும் தாராளமாகச் சாப்பிடலாம்.

அவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பது கஷ்டமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

தனியாகச் சமைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலைப் படித்துவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், குயினோவா, புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், கிரீன் டீ. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் தேடினால் கிடைக்கும்தான். ஒரு மாதம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் வீட்டுக்காரர்களுக்கு வத்தக்குழம்பும் அப்பளமும், இன்னொன்றில் பெரியம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி. இரண்டையும் சமைத்தது யார்? அறுவை முடிந்து கை தூக்க முடியாத பெரியம்மாவேதான். இரண்டாவது மாதம் தாள் காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, பெரியம்மா அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மளிகைச் சிட்டையை எடுக்கச் சொன்னேன். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர். பொன்னி அரிசி 26 கிலோ சிப்பம் இரண்டு. இட்லிக்கு ரேஷன் அரிசி 12 கிலோ. கடலை எண்ணெய் 4 லிட்டர், நல்லெண்ணெய் 2, ரேஷன் பாமாயில் 1. பருப்பு வகை எல்லாம் சேர்த்து 6 கிலோ. சர்க்கரை 6 கிலோ. அந்தச் சிட்டைதான் அந்தக் குடும்பத்தின் ஸ்கேன் ரிப்போர்ட்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு ஒரு தட்டுக் கணக்கு போட்டிருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு-பயறு 85 கிராம், காய்-கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை-வித்து 35 கிராம், எண்ணெய்-நெய் 27 கிராம். இதை ஐந்து பேருக்கு முப்பது நாளால் பெருக்கிப் பாருங்கள். தானியம் முப்பத்தேழரை கிலோ, பெரியம்மா வீட்டில் 64. எண்ணெய் சுமார் நாலரை லிட்டர், அங்கே 7. பருப்பு வகை பன்னிரண்டே முக்கால் கிலோ, அங்கே பாதிகூட இல்லை. காய் தினமும் 2 கிலோ. அங்கே ஒரு முருங்கைக்காயும் நாலு கத்தரிக்காயும் சாம்பாருக்குள் நீந்திக்கொண்டிருந்தன.

இந்தக் கணக்கைப் படித்துக் காட்டியபோது பெரியப்பா கேட்டார்: "என்னம்மா, வியாதி அவளுக்கு, பத்தியம் எனக்கா?" இஞ்சு டேப்பை எடுத்தேன். அவருக்கு இடுப்பு 102. சர்க்கரைக்கு மாத்திரை ஆறு வருடமாக. மூத்த மகனுக்கு 96. ஒரே உலைச் சோறு தின்றவர்களுக்கு ஒரே மாதிரி வயிறு. நோய் ஒருவருக்கு வந்தது, அது வந்த வழியில் ஒரு பங்கு எல்லார் தட்டிலும் இருக்கிறது. அன்றைக்கே இரண்டாவது அடுப்பை அணைத்தோம். குயினோவா வேண்டாம் என்றோம். மாற்றியது சிட்டையைத்தான், அதுவும் மாதத்துக்கு ஒரு வரி.

அப்படியென்றால் அரிசியை நிறுத்திவிட வேண்டுமா?

டெல்டாக்காரனிடம் அரிசியை நிறுத்து என்பது மேட்டூரை மூடு என்பது மாதிரி. தேவையில்லை. நம் சிக்கல் அரிசி சாப்பிடுவது அல்ல, அரிசியை மட்டும் சாப்பிடுவது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு விழுகிறது. காய் ஒரே ஒரு தடவை, ஊறுகாய் அளவுக்கு. குனிந்து நாற்று நட்டு, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்தவர்களுக்கு அந்தச் சோறு செரித்தது. இப்போது நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். வயிற்றுக்கு மட்டும் இந்தச் செய்தி போகவில்லை.

பெரியம்மா வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். உலையில் போடும் அரிசியில் ஒரு டம்ளர் குறைத்தோம், அதற்கு ஈடாகக் கூட்டு ஒரு சட்டி கூடியது. தட்டில் முதலில் கூட்டும் பொரியலும், அதில் பாதி தின்றபின்தான் சோறு. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுவது. மோருக்குச் சோறு இல்லை, மோர் மட்டும். முதல் வாரம் எல்லார் முகமும் சுருங்கியது. மூன்றாவது வாரம் யாரும் பேசவில்லை.

பருப்புக்குக் கடைக்குப் போக வேண்டியதுகூட இல்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். பங்குனி, சித்திரையில் எடுக்கிறோம். களத்திலிருந்து மூட்டை நேரே வியாபாரி வண்டியில் ஏறுகிறது. நம் வீட்டில் உளுந்து இட்லி மாவில் மட்டும், பயறு வெள்ளிக்கிழமைச் சுண்டலில் மட்டும். ஒரு மூட்டையை வீட்டுக்குள் வையுங்கள். முளைகட்டிய பயறு, தோல் உளுந்துச் சாதம், பயற்றங்கூட்டு. சிகிச்சையில் கரைந்த தசை திரும்ப வரப் புரதம் வேண்டும், அது இந்த மூட்டையில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி நல்லவைதான். தவிடு இருப்பதால் நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும். ஆனால் கவுனி என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் அதுவும் எடைதான்.

சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் செல் வளரும் என்கிறார்களே?

உடம்பின் எல்லாச் செல்லுக்கும் குளுகோஸ்தான் எரிபொருள். நீங்கள் சர்க்கரையை அறவே விட்டாலும் கல்லீரல் குளுகோஸ் தயாரித்துக் கொடுக்கும். நோயைப் பட்டினி போட்டுக் கொல்ல முடியாது, உங்களைத்தான் போட முடியும். சர்க்கரை எடையை ஏற்றும், அந்த எடை தொல்லை தரும், உறவு அவ்வளவுதான். திருவையாற்று அசோகாவை மாதம் ஒரு முறை ஒரு கரண்டி சாப்பிட்டதற்காக யாரும் குற்ற உணர்ச்சியில் தூக்கம் கெட வேண்டாம். தினமும் ஐந்து காபியில் விழும் பத்து ஸ்பூன் சர்க்கரைதான் கணக்கில் பெரிது.

டிகிரி காபியை விடணுமா?

வேண்டாம். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு முகமை காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கல்லீரல், கருப்பைப் புற்றுநோய் விஷயத்தில் காபி நல்லது செய்வதாகவே தெரிகிறது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்குக் கெடுதல் இருக்கலாம் என்று அப்போதே சொன்னது. டவரா எதற்கு இருக்கிறது? ஆற்றிக் குடியுங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு, சித்திக்கு, இப்போது அக்காவுக்கு. அடுத்து நானா? சாப்பாட்டால் தடுக்க முடியுமா?

புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை மரபணுக் கோளாறால் வருபவை. ஆனால் நீங்கள் சொல்வது போல நெருங்கிய ரத்த உறவில் மூன்று பேர் என்றால், அதுவும் ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால், மரபணு ஆலோசனை கேட்டே ஆக வேண்டும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அது பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு சரிபாதி. மகனுக்கும்தான், அவன் வழியாகப் பேத்திக்கும். சோதனையை முதலில் நோய் வந்த அக்காவுக்குச் செய்வதுதான் முறை. அதில் கோளாறு ஒன்று கிடைத்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும்.

கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதை மூடி மறைப்பார்கள். "அவ வயித்து வலியிலதான் போனா" என்று சொன்ன ஒரு பாட்டிக்குக் கருப்பைப் புற்றுநோய் என்பது பேத்திக்கு வந்தபிறகுதான் அந்தக் குடும்பத்துக்கே தெரிந்தது. குடும்ப வரலாறு தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்?

மரபணுக் கோளாறு இருந்தால் சாப்பாடு அதை அழித்துவிடாது. அந்தக் கோளாறு இல்லாத வீட்டிலும் இரண்டு மூன்று பேருக்கு வருவதுண்டு. அங்கே ஒரே அடுப்பும் ஒரே பழக்கமும் காரணத்தில் பங்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் சொல்வது ஒன்றுதான்: முப்பது வயது ஆனவர்கள் வாய், மார்பகம், கருப்பைவாய் பரிசோதனைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். செலவில்லை.

வெற்றிலை பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்று அப்பா விடமாட்டேன் என்கிறார்.

கும்பகோணம் வெற்றிலைமேல் எனக்கும் பெருமைதான். வெற்றிலைமேல் பழி இல்லை, பழி பாக்கின்மேல். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இலேயே முடிவாகிவிட்டது. வாய் திறப்பது குறைவது, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துத் தடிப்பது, காரம் பட்டால் எரிவது எல்லாம் முன்னறிவிப்பு. வாய்ப் புற்றுநோய் வந்து அறுவை ஆனவர் தாம்பூலத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "புகையிலை போடல" என்று சமாதானம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். சாராயமும் அப்படியே, கொஞ்சம் என்றால் பாதுகாப்பு என்று ஓர் அளவு கிடையாது.

கறி, மீன், கருவாடு?

மீன் சாப்பிடுங்கள், வறுக்காமல் குழம்பாக. ஆடு, மாடு, பன்றி இறைச்சி சமைத்த கணக்கில் வாரம் அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். நம் வீடுகளில் தாண்டுவதும் அபூர்வம். டின்னில் அடைத்த சாசேஜ் வகையறா வேண்டாம். கருவாட்டில் உப்புதான் பிரச்சினை; உப்பில் பதப்படுத்தியது அளவு மீறினால் வயிற்றுக்குக் கெடுதல். நாகப்பட்டினத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வெந்நீரில் ஊறவைத்து அலசி, மாதம் ஒன்றிரண்டு முறை போதும்.

முள்சீத்தா, கோதுமைப்புல், மஞ்சள் மாத்திரை, சோயா?

முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸப்பில் வருகிறது. மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. பழத்தை ஆசைக்குச் சாப்பிடுங்கள், சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சள் நல்லது. மாத்திரையாக விழுங்கும் மஞ்சள் சாறு சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது, மருந்தோடு மோதவும் செய்யும். கோதுமைப்புல் சாறு காசுக்குப் பிடித்த கேடு. அதைவிட வாசலில் நிற்கும் முருங்கைக்கீரை மேல்.

சோயாவைக் கண்டு மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் பயப்படுகிறார்கள். ஷாங்காயில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. சோயா உணவு சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. மீல்மேக்கர் குழம்பு வைத்துச் சாப்பிடலாம்.

வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் செய்கிறேன். தனியாக நடைப்பயிற்சி எதற்கு?

நடவு, களையெடுப்பு நாட்களில் எதற்கும் வேண்டாம். ஆனால் வருடத்தில் அந்த நாட்கள் எத்தனை? மீதி நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்வது வேலை ஆகாது.

குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2025-இல் வந்தது. மூன்று வருடம் ஒழுங்காக ஆள் வைத்து உடற்பயிற்சி செய்ய வைத்தவர்களில், எட்டாவது வருடம் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் எண்பத்து மூன்று. நடையை இனி மருந்துச் சீட்டிலேயே எழுதலாம் போல. வாரம் 150 நிமிடம் இலக்கு. சோர்வு அழுத்துகிறவர்கள் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் என்று ஆரம்பித்தாலே சோர்வு குறையும். சோர்வுக்கு ஓய்வுதான் மருந்து என்று நினைப்போம். இந்தச் சோர்வு நடந்தால்தான் தெளிகிறது. பெரியம்மா அரசலாற்றுக் கரையில் பெரியப்பாவையும் இழுத்துக்கொண்டு போகிறார். அவர் பாதி வழியில் டீக்கடையில் நின்றுவிடுவார், அது வேறு கதை.

மார்பக அறுவையில் அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்துவிட்டார்கள். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாதா?

ஒரு காலத்தில் "இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதே" என்றுதான் சொன்னார்கள். மெதுமெதுவாக எடை கூட்டித் தூக்கிப் பழகினால், நெறி எடுத்த கையில் நிணநீர் தேங்கி வரும் வீக்கம் கூடுவதில்லை என்று 2009-இல் தெரிந்துவிட்டது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்கள், வாரம் இரண்டு நாள். ஏற்கெனவே வீக்கம் இருந்தால் அழுத்து உறை போட்டுக்கொண்டு, பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். சேற்றில் கை வைக்கும்போது கையுறை. கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஏகாதசி, கிருத்திகை விரதம் இருக்கலாமா?

சிகிச்சையின்போது வேண்டாம், சாமி கோபிக்காது. முடிந்தபின் இருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் கேட்டுவிட்டு இருங்கள். ஆனால் பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி பத்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவது விரதக் கணக்கில் சேராது.

வைகாசி வந்தால் வாரத்துக்கு இரண்டு கல்யாணம். பந்தியில் என்ன செய்வது?

இலையின் மேல் பாதியில் பரிமாறுகிற கூட்டு, பொரியல், பச்சடி, அவியலை முதலில் காலி செய்யுங்கள். கேட்டால் இரண்டாம் முறையும் வைப்பார்கள், காயை யாரும் சண்டை போட்டு வாங்குவதில்லை. சோற்றுக்காரர் வரும்போது கையை இலைக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள், வாயால் "போதும்" என்றால் அவருக்குக் கேட்காது. பெரியம்மா சாம்பாருக்கு மட்டும் சோறு வாங்குவார். ரசத்தைத் தொன்னையில் கேட்பார். பாயசம் இரண்டு வாய். மோர் வரும்போது சோறு இல்லாத இலையைப் பார்த்துப் பரிமாறுகிற பையன் தயங்குவான். பெரியம்மா இரண்டு கையையும் குவித்து நீட்டுவார், அவன் ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு இலையை மடிப்பார்.